குவாண்டார்க்டிகா: அண்டார்டிகா தரவை ஒரே ஃபோல்டரில் தரும் இலவசத் தொகுப்பு எப்படி இருக்கிறது?

அண்டார்டிகா வரைபடம் ஒன்று போட உட்கார்ந்தால் பாதி நேரம் தரவைத் தேடியே கழியும். கடற்கரைக் கோடு பிரிட்டனில் ஒரு தளத்தில் இருக்கும். தெற்குப் பெருங்கடலின் அடி ஆழம் ஜெர்மனியில், பனி ஓடும் வேகம் அமெரிக்காவில், ஆய்வு நிலையங்களின் பட்டியல் இன்னோர் அமைப்பிடம் என்று சிதறிக் கிடக்கும். எல்லாவற்றையும் தேடிப் பிடித்து இறக்கினாலும் கோப்பு வடிவம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் முறையான புரொஜெக்‌ஷனும் பொருந்தாது. ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் கடற்கரை ஓரிடத்திலும் பனித்தட்டு வேறிடத்திலும் நிற்கும்.

இந்த வேலையை நமக்காக முடித்து வைத்திருக்கும் தொகுப்புதான் குவாண்டார்க்டிகா. ட்ராம்சோவில் உள்ள நார்வே துருவ ஆய்வு நிறுவனம் இதை 2013-இல் முதலில் வெளியிட்டது. க்யூஜிஐஎஸ் என்ற திறந்தமூல வரைபட மென்பொருளில் அப்படியே திறந்துகொள்ளலாம். இங்கே பேசுவது 2018-இல் தொடங்கிய மூன்றாம் பதிப்பைப் பற்றி. தென் அட்சம் 40 டிகிரிக்குக் கீழே உள்ள பகுதி முழுவதும் இதில் அடங்கும். பனியியல், புவி இயற்பியல், நிலவியல், உயிரியல், கடலியல், கடற்பனி, வளிமண்டலம், சூழல் மேலாண்மை, சமூக அறிவியல் என ஒன்பது துறைகளின் லேயர்கள் (ஒன்றின் மேல் ஒன்றாக வைக்கும் தரவு அடுக்குகள்) இருக்கின்றன. அவற்றோடு அடிப்படை வரைபடம், செயற்கைக்கோள் படங்கள், உயர மாதிரிகளும் வருகின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். களப்பயணத் திட்டம், வகுப்பறைப் பாடம், ஆய்வுக் கட்டுரையின் முதல் இடவிளக்கப் படம், நிதி கேட்கும் முன்மொழிவு ஆகியவற்றுக்கு இதைவிட நல்ல தொடக்கப்புள்ளி கிடையாது. ஆனால் இதிலிருந்து எண்ணை எடுத்துக் கணக்குப் போட்டு, 'பனி இவ்வளவு குறைந்தது' என்று சொல்லக் கிளம்பினால், ஒவ்வொரு லேயரின் வயதும், அதன் உயரம் எதிலிருந்து அளக்கப்பட்டது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் போனவர்கள் தவறுவது எப்போதும் அதே நாலைந்து இடங்களில்தான். இந்த விமர்சனத்தின் பெரும்பகுதி அந்த இடங்களைப் பற்றியது.

யாருடைய உழைப்பு இது

அண்டார்டிக் ஒப்பந்தம் 1959 டிசம்பர் 1-இல் கையெழுத்தாகி 1961-இல் நடைமுறைக்கு வந்தது. அங்கே கிடைக்கும் அறிவியல் அவதானிப்புகளும் முடிவுகளும் பரிமாறப்பட வேண்டும், யாருக்கும் தடையின்றிக் கிடைக்க வேண்டும் என்று அதன் மூன்றாம் பிரிவு சொல்கிறது. ஒப்பந்தத்தில் ஒரு வரியாக இருப்பது திரையில் எப்படி இருக்கும் என்று கேட்டால், இந்தத் தொகுப்பைத் திறந்து காட்டலாம்.

பனி ஓடும் வேகத்தைக் காட்டும் லேயரை மட்டும் எடுத்துக்கொள்வோம். ஒரு படமாகத்தான் தெரியும். ஆனால் அதற்குள் கனடாவின் ரேடார்சாட், ஐரோப்பாவின் ஈஆர்எஸ், என்விசாட், ஜப்பானின் ஆலோஸ் எனப் பல நாடுகளின் ரேடார் செயற்கைக்கோள்கள் வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த அளவீடுகள் இருக்கின்றன. ஒன்றின் இடைவெளியை இன்னொன்று நிரப்பியதால்தான் கண்டம் முழுவதும் ஓட்டையில்லாமல் வந்தது.

ரேடார்சாட் படங்களை ஒட்டிச் சேர்த்த மொசைக்கின் கதை இன்னும் சுவையானது. ரேடார்சாட் 1995-இல் நாசா ஏவித் தந்த கனடா செயற்கைக்கோள். வழக்கமாக வலப்பக்கம் பார்க்கும். அப்படிப் பார்த்தால் தென்துருவம் அதன் கண்ணுக்கே படாது. 1997 செப்டம்பர், அக்டோபரில் செயற்கைக்கோளையே திருப்பி இடப்பக்கம் பார்க்க வைத்து, மொசைக்குக்குத் தேவையான படங்களை 18 நாளில் எடுத்தார்கள். துருவம் வரை கண்டம் முழுவதும் உயர் தெளிவில் கிடைத்தது அப்போதுதான். ஒளிப்படங்களால் அதைச் செய்ய முடியாததற்குக் காரணம் சுற்றுப்பாதை. அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள் ஏறக்குறைய 82.5 டிகிரிக்கு மேல் தெற்கே போவதில்லை. 2007-இல் வெளியான லேண்ட்சாட் மொசைக்கான லிமாவில் அதற்கு உள்ளே லேண்ட்சாட் படமே கிடையாது. ஆகவே துருவத்தைச் சுற்றி ஒரு வட்டத்துக்குள் படத்தின் தன்மை திடீரென மாறினால் பயப்பட வேண்டாம். அந்த இடத்தில் மாறியது கருவிதான், பனி அல்ல.

நிறுவும்போது

தொகுப்பு சில ஜிகாபைட் அளவுள்ள ஒரு ஜிப் கோப்பு. இறக்கி விரித்து, க்யூஜிஐஎஸ் நிறுவி, ஃபோல்டருக்குள் இருக்கும் புரொஜெக்ட் கோப்பை இரட்டைச் சொடுக்கினால் போதும். ஆனாலும் இங்கேயே சிக்கிக்கொள்பவர்கள் உண்டு.

முதலாவது, ஃபோல்டரின் இடம். லேயர்கள் எல்லாம் புரொஜெக்ட் கோப்பு இருக்கும் இடத்தை வைத்தே தேடப்படுகின்றன. அந்தக் கோப்பை மட்டும் டெஸ்க்டாப்புக்கு இழுத்து வைத்தால், அத்தனை லேயரும் காணவில்லை என்று ஒரு நீண்ட பட்டியல் வரும். சொந்த மாற்றங்களோடு தனிப் புரொஜெக்ட் வேண்டுமானால் அதே ஃபோல்டருக்குள் வேறு பெயரில் சேமிக்க வேண்டும். மூலக் கோப்பைத் தொடாமல் வைத்திருப்பது நல்லது.

இரண்டாவது, பாதையின் நீளம். விண்டோஸில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் புதைத்து வைத்தால் பாதை 260 எழுத்தைத் தாண்டி, ஜிப் விரியும்போதே சில கோப்புகள் விடுபடும். விடுபட்டது அப்போது தெரியாது. ஒரு வாரம் கழித்து அந்த லேயரைத் திறக்கும்போதுதான் தெரியவரும். டிரைவின் வேரிலேயே ஒரு சிறு பெயரில் விரித்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவது, பதிப்பு. புதிய க்யூஜிஐஎஸ்ஸில் திறக்கும்போது 'இது பழைய பதிப்பில் சேமிக்கப்பட்டது' என்று ஓர் எச்சரிக்கை வரும். திறப்பதில் பிரச்சினை இல்லை. ஆனால் புதியதில் சேமித்த புரொஜெக்டைப் பழைய பதிப்பு வைத்திருக்கும் கூட்டாளிக்கு அனுப்பினால் அங்கே லேபிள், நிறம் எல்லாம் குழம்பும். பல நாட்டுக் குழுவில் வேலை செய்பவர்கள் எந்தப் பதிப்பு என்று தொடக்கத்திலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

இதெல்லாம் சரியாக அமைந்தால் கிடைக்கும் பெரிய பலன், இணையம் தேவையில்லை என்பது. கப்பலிலும் கள முகாமிலும் செயற்கைக்கோள் இணைப்பு மெதுவாகவும் விலை கூடியதாகவும் இருக்கும். அங்கே ஆன்லைன் வரைபடங்களை நம்ப முடியாது. இணைப்பு இருந்தாலும் அவை உதவாது. வழக்கமான இணைய வரைபடத் துண்டுகள் வெப் மெர்கேட்டரில் இருக்கும். அது 85 டிகிரியோடு நின்றுவிடும். 80 டிகிரியிலேயே நீளத்தை ஏறக்குறைய ஆறு மடங்கு இழுத்துக் காட்டும்.

புரொஜெக்‌ஷன்: வடக்கு மேலே இல்லை

தொகுப்பு முழுவதும் இபிஎஸ்ஜி 3031 என்ற துருவ ஸ்டீரியோகிராஃபிக் புரொஜெக்‌ஷனில் இருக்கிறது. தென்துருவம் நடுவில். கிரீன்விச் தீர்க்கரேகை நடுவிலிருந்து நேர் மேலே போகும், 180 டிகிரி நேர் கீழே இறங்கும், கிழக்கு 90 டிகிரி வலப்பக்கம். எங்கே நின்றாலும் வடக்கு என்பது துருவத்திலிருந்து வெளிப்பக்கம்தான். ஆகவே 76 டிகிரி கிழக்கில் உள்ள லார்செமன் குன்றுகளில், அதாவது இந்தியாவின் பாரதி, சீனாவின் ஜோங்ஷான், ரஷ்யாவின் ப்ரோகிரஸ் நிலையங்கள் இருக்கும் இடத்தில், வடக்கு ஏறக்குறைய திரையின் வலப்பக்கம் இருக்கும்.

இது தெரியாமல் பனி வேகத் தரவை எடுத்தால் திசை முழுக்கத் தவறாகிவிடும். அந்தக் கோப்பில் விஎக்ஸ், விஒய் என்று இரண்டு கூறுகள் இருக்கும். அவை கிழக்கும் வடக்கும் அல்ல, கட்டத்தின் கிடை அச்சும் செங்குத்து அச்சும். வேகத்தின் அளவை மட்டும் பயன்படுத்துகிறவருக்குக் கவலையில்லை. திசை வேண்டுமென்றால் இப்படி மாற்ற வேண்டும்:

வடக்குக் கூறு = விஎக்ஸ் × சைன்(தீர்க்கரேகை) + விஒய் × காஸ்(தீர்க்கரேகை)
கிழக்குக் கூறு = விஎக்ஸ் × காஸ்(தீர்க்கரேகை) − விஒய் × சைன்(தீர்க்கரேகை)

கிழக்குத் தீர்க்கரேகை நேர்மம், மேற்கு எதிர்மம். சரிபார்ப்பது எளிது. கடற்கரை ஓரமாக ஒரு புள்ளி எடுத்தால், பெரும்பாலான இடங்களில் பனி கடலை நோக்கி, அதாவது வடக்கு நோக்கி, ஓட வேண்டும். வடக்குக் கூறு பரவலாக எதிர்மமாக வந்தால் எங்கோ குறி மாறியிருக்கிறது. கிரீன்லாந்துக்காக இதே மாதிரி செய்யப்பட்ட க்யூகிரீன்லாந்து தொகுப்பை வைத்திருப்பவர்கள் இந்தச் சூத்திரத்தை அப்படியே அங்கே கொண்டுபோகக் கூடாது. அது வடதுருவப் புரொஜெக்‌ஷன், அதன் நடு தீர்க்கரேகையும் 45 டிகிரி மேற்கு. கோணமும் குறிகளும் மாறும்.

அடுத்தது நீளமும் பரப்பும். இந்தப் புரொஜெக்‌ஷனில் 71 டிகிரி தெற்கில் மட்டுமே நீளம் உண்மையானது. துருவத்தில் 1,000 கி.மீ. என்பது 973 கி.மீ. ஆகக் குறுகும். 60 டிகிரியில் 1,043 கி.மீ. ஆக நீளும். பரப்பில் இந்தப் பிழை இரட்டிப்பாகும்: துருவத்தில் ஐந்து சதவீதத்துக்கு மேல் குறைவு, 60 டிகிரியில் எட்டு சதவீதத்துக்கு மேல் கூடுதல். க்யூஜிஐஎஸ்ஸின் அளவுகோல் கருவி புரொஜெக்ட் அமைப்பில் நீள்வட்டக்கோளம் (பூமியின் சற்றே தட்டையான கணித வடிவம்) தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தால் இதைத் திருத்திக்கொள்ளும். ஃபீல்டு கால்குலேட்டரில் டாலர் குறியோடு தொடங்கும் பரப்புச் சார்பும் திருத்தும். வடிவத்தை அடைப்புக்குள் கொடுத்துக் கேட்கும் பரப்புச் சார்பு திருத்தாது, தட்டையாகவே கணக்கிடும். இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பதால் கைதவறி மாற்றி எடுப்பது சகஜம். ஒரு புள்ளியைச் சுற்றிக் குறிப்பிட்ட தூரத்துக்கு எல்லை வரையும் பஃபர் கருவியும் தட்டையாகத்தான் போடும். நிலையத்தைச் சுற்றி 100 கி.மீ. வட்டம் வேண்டுமென்றால், அந்த நிலையத்தையே நடுவாக வைத்து நடுவிலிருந்து தூரம் மாறாத அசிமுதல் ஈக்விடிஸ்டன்ட் புரொஜெக்‌ஷன் அமைத்து, அங்கே பஃபர் போட்டுப் பிறகு கொண்டுவருவது சரியான வழி. பரப்பை மட்டும் ஒப்பிடுவதானால் இபிஎஸ்ஜி 6932 என்ற சமபரப்புப் புரொஜெக்‌ஷனுக்கு மாற்றிவிட்டால் போதும்.

சொந்தத் தரவை உள்ளே கொண்டுவரும்போது வரும் பிழைகளில் இரண்டைச் சொல்லியாக வேண்டும். சிஎஸ்வி கோப்பில் அட்சரேகைக்கு முன்னால் கழித்தல் குறி விடுபட்டால், 70 டிகிரி தெற்கில் இருக்க வேண்டிய புள்ளி 70 டிகிரி வடக்குக்குப் போய், இந்தப் புரொஜெக்‌ஷனில் நடுவிலிருந்து ஏறக்குறைய 70,000 கி.மீ. தள்ளி உட்கார்ந்துகொள்ளும். கோப்பு பிழையின்றி ஏறும், திரையில் மட்டும் எதுவும் தெரியாது. 'லேயருக்கு ஜூம் செய்' என்று கொடுத்ததும் கண்டம் ஒரு சின்னப் பொட்டாகச் சுருங்கினால் காரணம் பெரும்பாலும் இதுதான். இரண்டாவது, செவ்வக எல்லை. 20 முதல் 60 டிகிரி கிழக்கு, 60 முதல் 70 டிகிரி தெற்கு என நான்கு மூலைகளைக் கொடுத்து ஒரு கட்டம் வரைந்தால், மாற்றியபின் மூலைகளை நேர்கோடு இணைக்கும். அட்சரேகையின் வளைவு போய்விடும், உள்ளே இருக்க வேண்டிய கடல் வெளியே நிற்கும். மாற்றுவதற்கு முன்பே ஓரங்களில் ஒவ்வொரு டிகிரிக்கும் ஒரு புள்ளி சேர்த்துவிட வேண்டும். உலக அளவிலான தரவைக் கொண்டுவந்தால் நடுவிலிருந்து நேர் கீழே ஒரு கோடு தெரியும். அது 180 டிகிரியில் உள்ள தையல், நிலத்தில் உள்ள எல்லை எதுவும் அல்ல.

உயரம்: எங்கிருந்து அளந்தது?

எங்கள் பார்வையில் இதுதான் மிக ஆபத்தான இடம், ஏனென்றால் இந்தப் பிழை கண்ணுக்குத் தெரியாது.

பனியின் மேற்பரப்பு, தடிமன், அடித்தளம் ஆகியவற்றைத் தரும் பெட்மேப்2-இன் உயரங்கள் ஜியாய்டிலிருந்து, அதாவது சராசரிக் கடல்மட்டத்துக்கு நெருக்கமான பரப்பிலிருந்து, அளக்கப்பட்டவை. அதோடு சேர்த்துப் பார்க்கப் பலரும் எடுக்கும் ரீமா என்ற உயர்தெளிவு உயர மாதிரியின் உயரங்கள் டபிள்யூஜிஎஸ்84 நீள்வட்டக்கோளத்திலிருந்து அளக்கப்பட்டவை. ராஸ் பனித்தட்டுப் பகுதியில் இந்த இரண்டு பரப்புக்கும் இடையே 50 மீட்டருக்கும் மேல் வித்தியாசம். அங்கே பனித்தட்டு கடலுக்கு மேலே நிற்கும் உயரமே பல இடங்களில் அந்த அளவுதான். திருத்தாமல் ரீமாவைத் திறந்தால் உயரம் பூச்சியத்தை ஒட்டியோ எதிர்மமாகவோ வரும், பனித்தட்டு கடலுக்குள் மூழ்கிக் கிடப்பதுபோல.

மிதக்கும் பனியின் தடிமனை மேலே நிற்கும் உயரத்திலிருந்து கணக்கிடுகிறவர்களுக்கு இது பெரிய அடி. கடல்நீரின் அடர்த்தி கன மீட்டருக்கு 1,028 கிலோ, பனியின் அடர்த்தி 917 கிலோ என்று வைத்தால், மேலே தெரியும் ஒரு மீட்டருக்கு மொத்தத் தடிமன் சுமார் 9.3 மீட்டர். உயரத்தில் 50 மீட்டர் பிழை இருந்தால் தடிமனில் 460 மீட்டருக்கும் மேல் பிழை. பெட்மேப்2-இன் மூலப் பதிவிறக்கத்தில் இரண்டையும் இணைக்கும் ஒரு கட்டக் கோப்பு இருக்கிறது. அதைக் கூட்டினால் ஜியாய்டு உயரம் நீள்வட்டக்கோள உயரமாகும், கழித்தால் திரும்பி வரும். எந்தக் கணக்கைத் தொடங்கும் முன்பும் ஒரே ஒரு சோதனை போதும்: திறந்த கடலின் மேல் சொடுக்கி என்ன உயரம் வருகிறது என்று பாருங்கள். பூச்சியத்துக்கு அருகில் வந்தால் ஜியாய்டு. பத்துக்கணக்கான மீட்டர் மேலோ கீழோ வந்தால் நீள்வட்டக்கோளம்.

இதையொட்டி இன்னொன்று. மேற்பரப்பு உயரத்திலிருந்து அடித்தள உயரத்தைக் கழித்தால் பனியின் தடிமன் கிடைக்கும் என்பது நிலத்தின் மேல் உட்கார்ந்திருக்கும் பனிக்கு மட்டும்தான். மிதக்கும் பனித்தட்டின் கீழே கடல்நீர் இருக்கிறது, அதன் ஆழமும் சேர்ந்து வந்துவிடும். அதற்காகவே தனித் தடிமன் லேயர் இருக்கிறது.

பனிக்கு அடியில் உள்ள நிலம்

பெட்மேப்2 வெளியானது 2013-இல். பனியை ஊடுருவும் ரேடாரைப் பல நாடுகளின் விமானங்களும் பனி வாகனங்களும் சுமந்து எடுத்த சுமார் 2.5 கோடி அளவீடுகள் அதில் இருக்கின்றன. திரையில் 1 கி.மீ. கட்டமாகத் தெரிந்தாலும் தடிமன் முதலில் 5 கி.மீ. கட்டத்தில் கணக்கிடப்பட்டுப் பிறகு நுணுக்கப்பட்டது. ஆகவே 1 கி.மீ. அளவில் தெரியும் மேடுபள்ளத்தை அப்படியே நம்பக் கூடாது. ரேடார் பறந்த பாதைக்கு நேர் கீழே தகவல் துல்லியமானது, இரண்டு பாதைகளுக்கு நடுவே இருப்பது ஊகம். அடித்தள லேயரில் வழவழவென்று தெரியும் பகுதிகள் சமவெளிகள் என்று படிக்கிறவர்கள் உண்டு. பெரும்பாலும் அவை அன்று வரை யாரும் அளக்காத இடங்கள். பிழையளவு லேயரையும் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். சில இடங்களில் அது 1,000 மீட்டரைத் தொடும்.

ஓர் எடுத்துக்காட்டு. பெட்மேப்2-இல் கண்டத்தின் மிக ஆழமான அடித்தளம் பேர்ட் பனியாற்றின் கீழே கடல்மட்டத்துக்கு 2,870 மீட்டர் கீழே இருந்தது. 2019 டிசம்பரில் வெளியான பெட்மெஷின் என்ற அடித்தள வரைபடம் வேறு வழியில் போனது. பனியாறு ஓடும் வேகத்தையும் பனியின் அளவு மாறாமையையும் வைத்து, ரேடார் பாதைகளுக்கு நடுவே உள்ள ஆழத்தைக் கணக்கிட்டது. டென்மன் பனியாற்றின் கீழே 3,500 மீட்டர் ஆழத்துக்கு ஒரு பள்ளம் கிடைத்தது. பழைய அடித்தள லேயரில் அதே இடத்தைச் சொடுக்கிப் பார்த்தால் அந்த ஆழம் வராது. பிறகு 2025-இல் வந்த பெட்மேப்3-க்குப் பின்னால் 8.2 கோடி அளவீடுகள், 500 மீட்டர் கட்டம். அடித்தளத்தை நம்பி எதையும் கணக்கிடுவதானால், முதலில் செய்ய வேண்டியது தொகுப்பில் உள்ள பெட்மேப்2-க்குப் பதிலாக இவற்றில் ஒன்றைப் போடுவதுதான். கோப்பை அதே ஃபோல்டரில் வைத்து, பழைய லேயரின் ஸ்டைலை நகலெடுத்து ஒட்டினால் நிறமும் லெஜெண்டும் மாறாமல் வந்துவிடும். க்யூஜிஐஎஸ் 3.26 முதல் குறுக்குவெட்டுக் கருவி உள்ளேயே இருக்கிறது. ஒரு கோடு போட்டு இரண்டு அடித்தளத்தையும் ஒன்றாகக் காட்டினால் வித்தியாசம் உடனே தெரியும்.

கடலடி ஆழத்துக்கும் இதே கதை. ஐபிசிஎஸ்ஓ என்ற சர்வதேசத் தொகுப்பின் 2013 பதிப்பு 60 டிகிரி வரைதான், 2022 பதிப்பு 50 டிகிரி வரை வருகிறது. எந்தப் பதிப்பானாலும் கப்பல் ஓட்ட இதைப் பயன்படுத்தக் கூடாது. அதற்கு அதிகாரபூர்வக் கடல் வரைபடம்தான்.

வயதாகும் கடற்கரை, நகரும் நிலையம்

ஒரு நாளின் நிலையை உறையவைத்துத் தருவதுதான் தொகுப்பின் பலம். குறையும் அதுவேதான். 2017 ஜூலையில் லார்சன் சி பனித்தட்டிலிருந்து 5,800 சதுர கி.மீ. அளவுள்ள ஏ-68 என்ற பனிப்பாறை உடைந்தது. 2021 மே மாதம் ரோனே பனித்தட்டிலிருந்து ஏ-76, 2022 மார்ச்சில் காங்கர் பனித்தட்டின் சிதைவு, 2023 ஜனவரியில் பிரண்ட் பனித்தட்டிலிருந்து ஏ-81. 2018-க்குப் பிந்தைய எந்த மாற்றமும் அன்றைய தொகுப்பில் இருக்க முடியாது. அதற்கு முந்தையவையும் அந்தந்த லேயரின் மூலப் படம் எந்த ஆண்டு என்பதைப் பொறுத்தே இருக்கும். கடற்கரைக்கு மாற்று வழி சுலபம். அண்டார்டிக் ஆய்வுக்கான சர்வதேச அறிவியல் குழுவான ஸ்கார் அமைப்பின் அண்டார்டிக் டிஜிட்டல் டேட்டாபேஸ் ஆறு மாதத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது, அதிலிருந்து கோட்டை இறக்கி மாற்றிக்கொள்ளலாம்.

நிலையப் பட்டியலிலும் கவனம் வேண்டும். 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட சீனாவின் சின்லிங் நிலையம் பழைய பட்டியலில் இருக்காது. பனித்தட்டின் மேல் கட்டப்பட்ட நிலையங்கள் பனியோடு சேர்ந்து நகர்கின்றன. ஜெர்மனியின் நோய்மாயர் 3 ஆண்டுக்கு 150 மீட்டருக்கும் மேல் கடலை நோக்கிப் போகிறது. ஆறு ஆண்டு பழைய ஆயத்தொலைவை நம்பினால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் பிசகும். துருவத்தில் உள்ள அமுண்ட்சன்-ஸ்காட் நிலையமே ஆண்டுக்குச் சுமார் 10 மீட்டர் நகர்வதால், துருவத்தைக் குறிக்கும் கம்பத்தை ஆண்டுதோறும் இடம் மாற்றி நடுகிறார்கள்.

சிறப்புப் பாதுகாப்புப் பகுதிகளின் எல்லை லேயரும் தொகுப்பில் உண்டு. திட்டமிட உதவும், ஆனால் அனுமதி கேட்கும் விண்ணப்பத்துக்கு அதிலிருந்து எல்லையை எடுக்கக் கூடாது. ஒவ்வொரு பகுதிக்கும் ஒப்பந்த நாடுகள் ஏற்றுக்கொண்ட மேலாண்மைத் திட்டத்தில் உள்ள ஆயத்தொலைவுகள்தான் செல்லும்.

பெயர்களும் லேபிள்களும்

ஸ்கார் இடப்பெயர்க் களஞ்சியம் உள்ளே இருப்பது பெரிய வசதி. ஆனால் ஒரே இடம் பல முறை வரும். கிங் ஜார்ஜ் தீவு என்று பலரும் அறிந்தது அர்ஜென்டினாவுக்கு மே 25 தீவு, ரஷ்யர்களுக்கு வாட்டர்லூ. நாடு ஒவ்வொன்றும் பதிவு செய்த பெயரைச் சமமாக மதித்துச் சேர்த்திருப்பதால் இப்படி. களஞ்சியத்தை அப்படியே எண்ணி 'இத்தனை இடங்கள்' என்று எழுதினால் தவறு. பெயரை எண்ணாமல் இடத்துக்குரிய அடையாள எண்ணை எண்ண வேண்டும். வரைபடத்தில் எந்த நாட்டுப் பெயரைப் போடுவது என்பதையும் குழுவில் முன்கூட்டியே பேசிக்கொள்வது நல்லது. பல நாட்டு ஆசிரியர்கள் இருக்கும் கட்டுரைகளில் இது சின்ன விஷயம் அல்ல.

அதே தீவின் ஃபில்ட்ஸ் தீபகற்பத்தில் ரஷ்யா, சிலி, சீனா, உருகுவே நிலையங்கள் சில கிலோமீட்டருக்குள் இருக்கின்றன. கண்ட அளவில் பார்த்தால் ஒரு பெயர்தான் தெரியும், மற்றவற்றை மென்பொருள் மறைத்துவிடும். நிலையம் விடுபட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அந்தப் பகுதிக்கு ஒரு பெரிதாக்கிய உள்படம் போடுவதுதான் வழி.

அச்சிடும்போது வடக்கு அம்புக்குறி வேண்டாம். படத்தின் நடுப்புள்ளிக்கு மட்டுமே அது பொருந்தும். அதற்குப் பதிலாகத் தீர்க்க, அட்சரேகைகளை வரைந்து எண் போட்டால் படிப்பவருக்குத் திசை தானாகப் புரியும். பனி வேகத்தின் நிற அளவுகோலை நேர்கோட்டு அளவுக்கு மாற்றாதீர்கள். கண்டத்தின் உட்பகுதியில் ஆண்டுக்குச் சில மீட்டர், பைன் தீவுப் பனியாற்றின் முகத்தில் ஆண்டுக்குச் சுமார் 4 கி.மீ. என்றிருக்கும்போது மடக்கை அளவுகோல் இல்லாவிட்டால் கண்டத்தின் நடுப்பகுதி முழுக்க ஒரே நிறமாகிவிடும்.

காசு வாங்காததற்கு ஈடாக

பணம் எதுவும் இல்லை. கேட்பது ஒன்றே ஒன்று: பயன்படுத்திய ஒவ்வொரு லேயருக்கும் அதை உருவாக்கியவர்களின் பெயரைச் சொல்ல வேண்டும். 'தரவு: குவாண்டார்க்டிகா' என்று ஒரு வரியோடு நிறுத்திவிடும் படங்கள் நிறைய வருகின்றன. அது போதாது. தொகுப்பை விளக்கி கெனிச்சி மட்சுவோகாவும் கூட்டாளிகளும் 2021-இல் எழுதிய கட்டுரை ஒன்று, அதோடு படத்தில் தெரியும் ஒவ்வொரு தரவின் மூலக் கட்டுரை, இரண்டும் வேண்டும். பயன்பாட்டு நிபந்தனையும் லேயருக்கு லேயர் வேறு. வணிக நோக்கில் அச்சிடுகிறவர்கள் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

நடைமுறையில் சுலபமான வழி, படம் வரையும்போதே பட்டியலைச் சேர்ப்பது. ஒரு லேயரை இயக்கியதும் அதன் பண்புகளைத் திறந்து, ஆதாரம், ஆண்டு, உயர அடிப்படை, நிபந்தனை ஆகிய நான்கையும் ஒரு விரிதாளில் ஒட்டிவிடுங்கள். படத்தை முடித்தபின் தேடினால் எந்த லேயர் எந்தப் பதிப்பு என்று நினைவிருக்காது. பெட்மெஷினையோ புதிய கடற்கரையையோ நீங்களே சேர்த்திருந்தால் அவற்றின் பதிப்பு எண்ணும் இறக்கிய தேதியும் அந்தத் தாளில் இருக்கட்டும். ஆறு மாதத்தில் கோடு மாறும் தரவுக்கு, எந்த நாளில் எடுத்தது என்று எழுதாவிட்டால் இன்னொருவரால் அதே படத்தைத் திரும்ப வரைய முடியாது.